பிளவுண்ட நாட்டிற்கு வந்த படைகள்: ரிச்சர்ட் கிம்மின் நாவல் குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

சென்ற பருவத்தில் ஆயர்பணி இறையியல் வகுப்பில் ரிச்சர்ட் இ. கிம் எழுதிய 'தி மார்ட்டர்டு' என்னும் ஆங்கில நாவலைப் படித்தோம். 1964-இல் வெளிவந்த இந்நூலின் பெயரைத் தமிழில் 'இரத்தசாட்சிகள்' என வழங்கலாம். நூலை முடித்த அன்று இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, மக்கள் நம்பிக்கை இழந்துவிடக்கூடாது என்பதற்காக ஓர் ஆயர் பொய் சொல்லலாமா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் அக்கேள்வியைச் சுற்றியே வாதம் நிகழ்ந்தது. மணி அடித்த பின்னர் மாணவி ஒருவர் என்னிடம் வந்து, "அந்த நகரத்தைக் கைவிட்டுப் போன படைகள் யாருடையவை, ஐயா? அவற்றை அனுப்பியவர்கள் யார்? நாவல் ஏன் அதைச் சொல்லவில்லை?" என்று வினவினார். முதல் கேள்விக்கு ஓரளவு விடை கூற என்னால் இயன்றது. இரண்டாவது கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. இக்கட்டுரை அம்மாணவிக்கு நான் செலுத்த வேண்டிய கடன். எழுத முற்பட்டபோது, இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒன்றே என்பதைக் கண்டேன்.

நாவலின் களம்

1950 ஜூன் 25-ஆம் நாள் வட கொரியப் படைகள் 38-ஆம் அட்சரேகையைக் கடந்து தெற்கே பாய்ந்தன. அதே ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபையின் கொடியின்கீழ்ப் போரிட்ட படைகளும் தென் கொரியப் படைகளும் வடக்கின் தலைநகராகிய பியோங்யாங்கைக் கைப்பற்றின. நாவல் அந்நகரில் தொடங்குகிறது. கதையைச் சொல்பவர் கேப்டன் லீ. போருக்கு முன் பல்கலைக்கழகத்தில் நாகரிக வரலாறு கற்பித்தவர். இப்போது தென் கொரிய இராணுவத்தின் அரசியல் உளவுப் பிரிவில் பணிபுரிபவர். கடவுள் நம்பிக்கை அற்றவர்.

பொதுவுடைமை ஆட்சியினர் 14 ஆயர்களைச் சிறைப்பிடித்து அவர்களுள் 12 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டனர். இருவர் தப்பினர். அவர்களுள் இளையவரான ஹான் சித்தம் கலங்கிக் கிடக்கிறார். மற்றவர் ஆயர் ஷின். லீயின் மேலதிகாரியாகிய கர்னல் சாங்குக்கு இந்தப் பன்னிருவரும் வீர இரத்தசாட்சிகளாக வேண்டும். போர்ப் பிரசாரத்திற்கு அது தேவை. ஆனால் பிடிபட்ட வட கொரிய அதிகாரி ஒருவன் வேறு கதை சொல்கிறான். பன்னிருவரும் உயிருக்குக் கெஞ்சினர், தங்கள் கடவுளை மறுதலித்தனர், எதிர்த்து நின்றவர் ஷின் ஒருவரே என்பது அவன் கூற்று. ஷின்னோ மக்கள்முன் நின்று, பன்னிருவரும் மகிமையாக மரித்தனர் என்றும், தாமே காட்டிக்கொடுத்த துரோகி என்றும் அறிக்கையிடுகிறார். லீயிடம் தனிமையில் அவர் ஒப்புக்கொள்வது இன்னும் கடுமையானது. வாழ்நாளெல்லாம் கடவுளைத் தேடியும் தாம் காணவில்லை. துன்புறும் மனிதனையே கண்டதாகச் சொல்கிறார். ஆயினும் அம்மனிதன் நம்பிக்கையின்றி வாழ இயலாது. ஆகவே பொய்யைத் தாம் சுமப்பதாகக் கூறுகிறார். சீனப் படைகள் வருகின்றன. நேச நாட்டுப் படைகள் நகரைவிட்டு விலகுகின்றன. லீ அழைத்தும் ஷின் வர மறுத்து, போக வழியற்ற தம் மக்களோடு தங்கிவிடுகிறார்.

பியோங்யாங்கின் வரலாற்றை அறிந்தோருக்கு இக்கதையின் கனம் புரியும். கிழக்கின் எருசலேம் என்று அருட்பணியாளர்களால் அழைக்கப்பட்ட நகரம் அது. 1901-இல் சாமுவேல் மொஃபெட் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியைத் தொடங்கியது அங்கேதான். 1907-இன் பெரும் எழுப்புதல் அங்கேதான் மூண்டது. ஜப்பானிய ஆட்சியில் ஷிண்டோ கோயில் வழிபாட்டிற்கு இணங்க மறுத்த ஆயர் சூ கீ-சோல் 1944-இல் அந்நகரச் சிறையிலேயே மரித்தார். 1938-இல் பிரெஸ்பிட்டேரியன் பொதுப் பேரவையோ அவ்வழிபாட்டிற்கு இணங்கியிருந்தது. ஆகவே யார் மறுதலித்தார், யார் நிலைநின்றார் என்னும் கேள்வி அத்திருச்சபைக்கு ஆறாத புண். ஆசிரியர் 1932-இல் வடக்கிலுள்ள ஹாம்ஹுங்கில் பிறந்தவர். தென் கொரிய இராணுவத்தில் பணியாற்றியபின் 1955-இல் அமெரிக்கா சென்றவர். தாம் அறிந்த புண்ணைத் தொட்டே அவர் எழுதியுள்ளார்.

நாவலின் வலிமை

இந்நாவலின் பெருமைகள் இரண்டு. முதலாவது, அது இரத்தசாட்சியை அலங்காரப் பொருளாக்கவில்லை. மரணபயத்தில் நடுங்கிய ஆயர்களை வெறுக்கவும் இல்லை, பொய்யாக உயர்த்தவும் இல்லை. பன்னிருவருள் முதன்மையானவர் இறுதி வேளையில் ஜெபிக்க மறுத்தார் என்பதைப் படிக்கையில் நாம் அவரைத் தீர்ப்பிட முற்படுவதில்லை, நம்மையே சோதித்துக்கொள்கிறோம். இரண்டாவது, ஆயர்பணியின் உட்புறத்தை இத்தகைய துணிவோடு காட்டிய நூல்கள் சிலவே. தாம் நம்பாததை மக்களுக்காக அறிவிக்கும் போதகன் என்னும் அச்சம் நம்மில் பலருக்கும் இரவில் வந்ததுண்டு. அதை நாம் வெளியே சொல்வதில்லை.

எனக்கும் அப்படியோர் இரவு உண்டு. நான் முதன்முதல் பணியாற்றிய சபையில், சாலை விபத்தில் மகனை இழந்த தகப்பன், "அவன் வேதனையில்லாமல் போனானா, ஐயர்?" என்று கேட்டார். விபத்து நடந்த இடத்தில் நான் இல்லை. இருந்தும், "ஆம், அமைதியாகப் போனான்" என்றேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். அன்று நான் செய்தது அன்பு என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். சில மாதங்களுக்குப்பின், கடைசி மூச்சுவரை மகன் அருகில் இருந்த ஒருவர் வாயிலாக அத்தகப்பன் உண்மையை அறிந்துகொண்டார். அவர் என்னைக் குறைகூறவில்லை. ஆனால் அதன்பின் என் பிரசங்கத்தை அவர் தலை குனிந்தபடியே கேட்பார். ஷின்னைப் பற்றி எழுதும்போது அவரையே நினைக்கிறேன்.

நாவல் சொல்லாமல் விட்டது

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். நாவலில் அயல்நாட்டுப் படைகள் பீரங்கி ஓசையாகவும் வாகன வரிசையாகவும் தோன்றுகின்றன. மழை வருவதுபோல் வருகின்றன, வெள்ளம் வடிவதுபோல் போகின்றன. அவற்றை அனுப்பியது யார், திருப்பியது யார் என்னும் வினா எழுவதில்லை. கதை கொரியரிடையேயே நிகழ்கிறது: கர்னல், கேப்டன், ஆயர். ஆனால் இம்மூவரும் எந்த நகரத்தின் ஆன்மாவுக்காக வாதாடினார்களோ அந்நகரத்தின் தலைவிதியை அவர்களுள் ஒருவரும் தீர்மானிக்கவில்லை. அதை எவ்வாறு, யார் தீர்மானித்தனர் என்பதை வரலாற்றிலிருந்து சுருக்கமாகக் கூறுவேன்.

பாதுகாப்புச் சபை ஜூன் 25-இலும் 27-இலும் தீர்மானங்கள் இயற்றியது. சீனாவின் இருக்கை குறித்த சச்சரவால் சோவியத் பிரதிநிதி அப்போது சபையைப் புறக்கணித்திருந்ததால் அவை தடையின்றி நிறைவேறின. ஜூலை 7-ஆம் நாள் தீர்மானம், உறுப்பு நாடுகள் அனுப்பும் படைகளை அமெரிக்காவின் தலைமையில் ஒன்றிணைத்து, ஐ.நா. கொடியைப் பயன்படுத்த இசைவளித்தது. இந்தியா, எகிப்து, யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் வாக்களிக்கவில்லை. 16 நாடுகள் போர்ப்படைகளை அனுப்பின. துருக்கி, எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, கொலம்பியா முதலிய தொலைநாட்டு இளைஞரும் கொரிய மலைகளில் மடிந்தனர். எனினும் வந்த படைகளில் மிகப்பெரும்பகுதி அமெரிக்கருடையது. தளபதி மக்கார்தர் உத்தரவு பெற்றதும் வாஷிங்டனிலிருந்துதான். கொடி ஓரிடத்தது, கட்டளை வேறோரிடத்தது. ஜூலை நடுவில் தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ தம் படைகளையும் கடிதமொன்றின் மூலம் மக்கார்தரின் கட்டளைக்குள் ஒப்படைத்தார். போர் யாருடைய நாட்டில் நடந்ததோ அவர்களுக்கு அதை நடத்தும் உரிமை அத்தோடு நீங்கிற்று.

அடுத்து நோக்கம் மாறியது. தொடக்கத்தில் கூறப்பட்ட நோக்கம், படையெடுப்பைத் தடுத்து 38-ஆம் ரேகைக்கு அப்பால் தள்ளுவது. செப்டம்பர் 15-இல் இன்சோன் தரையிறக்கம் வெற்றி பெற்றதும் கொரியா முழுவதையும் ஒரே ஆட்சியில் இணைக்கலாம் என்னும் ஆசை பிறந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் சீனப் பிரதமர் சௌ என்-லாய், பீகிங்கிலிருந்த இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரை நள்ளிரவில் அழைத்து, அமெரிக்கப் படைகள் ரேகையைக் கடந்தால் சீனா தலையிடும் என்று எச்சரித்தார். இந்தியா அச்செய்தியை அறிவித்தது. கேட்க வேண்டியவர்கள் அதை மிரட்டல் என்று ஒதுக்கினர். அக்டோபர் 7-இல் பொதுச்சபை ஒன்றிணைந்த கொரியாவை நோக்கமாகக் கொண்ட தீர்மானத்தை ஏற்றது. இந்தியா இம்முறையும் வாக்களிக்கவில்லை. படைகள் வடக்கே சென்றன. சீனப் படைகள் யாலு நதியைக் கடந்தன. டிசம்பர் 5-இல் பியோங்யாங் மீண்டும் கைமாறியது. 1951-இன் நடுவில் பேச்சு தொடங்கியபோது, எல்லை ஏறத்தாழப் பழைய இடத்திலேயே நின்றது.

ஆக, நேச நாட்டுப் படைகள் பியோங்யாங்கில் இருந்தது ஏழு வாரத்திற்கும் குறைவான காலமே. அந்நாள்களில் மறைவிலிருந்த விசுவாசிகள் வெளியே வந்தனர், வந்தவர்களை வரவேற்றனர். அக்டோபர் இறுதியில் சிங்மன் ரீயும் அந்நகருக்கு வந்து மக்கள்முன் பேசினார். மக்கள் தங்கள் முகத்தை வெளிக்காட்டிய பின்னர்ப் படைகள் விலகின. முகம் காட்டியவர்கள் என்னவாவது? தேதோங் ஆற்றின் உடைந்த பாலத்தின் இரும்புச் சட்டங்களில் தொற்றிக்கொண்டு கடந்த அகதிகளை மாக்ஸ் டெஸ்ஃபர் எடுத்த நிழற்படம் 1951-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஷின் தங்கிவிட்ட மக்கள், அந்தப் பாலத்தையும் கடக்க இயலாதவர்கள்.

மறுபக்கமும் கூறவேண்டும்

பன்னாட்டுப் படையைப் பழித்துவிட்டு அமர்வது எளிது, அது நேர்மையன்று. 1950 ஆகஸ்டில் தென் கொரியா பூசானைச் சுற்றிய ஒரு மூலையாகச் சுருங்கியிருந்தது. படைகள் வந்திராவிடில் தெற்கு முழுவதும் கிம் இல் சுங்கின் ஆட்சியில் வீழ்ந்திருக்கும். படையெடுப்பு ஸ்டாலினின் இசைவோடு திட்டமிடப்பட்டது என்பது சோவியத் ஆவணங்கள் வெளியானபின் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகிவிட்டது. வடக்கின் பக்கமும் அயலார் கூட்டணியே நின்றது: சோவியத் ஆயுதங்களும் மறைவாகப் பறந்த சோவியத் விமானிகளும், தொண்டர்கள் என்னும் பெயரில் வந்த சீனப் பெரும்படையும். 1950 டிசம்பரில் ஹுங்நாம் துறைமுகத்திலிருந்து படைகளோடு ஏறத்தாழ 1,00,000 பொதுமக்களும் கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் மறக்கலாகாது.

அதேபோல், 1950 ஜூலையில் நோ கன் ரியில் அமெரிக்கப் படையினர் அகதிகளைச் சுட்டுக் கொன்றதும் மறக்கத்தக்கதன்று. அமெரிக்க அரசு அது குறித்து 2001-இல்தான் வருத்தம் தெரிவித்தது. வட கொரிய நகரங்கள் விமானக் குண்டுவீச்சில் தரைமட்டமாயின. பியோங்யாங்கில் பழைய கட்டடம் அரிதாயிற்று. ஆகவே நமது கேள்வி, வந்தது சரியா தவறா என்பதோடு முடிவதில்லை. உதவிக்கு வந்த படை, எந்த இடத்தில் உதவி என்னும் எல்லையைக் கடந்து, தன் கணக்கிற்காகப் பிறருடைய நாட்டை நடத்தத் தொடங்குகிறது என்பதே கேள்வி. கொரியாவில் அந்த இடத்தை நாளும் மாதமும் சொல்லிக் காட்டலாம்: அது 1950 அக்டோபர்.

திருமறையின் பிளவுண்ட நாடு

பிளவுண்ட நாட்டின் போரில் அயலாரைத் துணைக்கழைப்பது திருமறைக்குப் புதிய செய்தியன்று. யூதாவின் அரசன் ஆசா, இஸ்ரவேலின் அரசன் பாஷாவுக்கு அஞ்சி, ஆலயப் பொக்கிஷத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் சீரியாவின் பெனாதாத்துக்கு அனுப்பினான் (1 இராஜாக்கள் 15). திட்டம் பலித்தது, பாஷா பின்வாங்கினான். ஆனால் பெனாதாத் அழித்த பட்டணங்கள் தாணும் நப்தலி நாடும். ஆசாவின் சொந்த இரத்தத்தின் பட்டணங்கள். இதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானியை ஆசா காவலில் வைத்தான் (2 நாளாகமம் 16). தலைமுறைகளுக்குப்பின் ஆகாஸ் அதே வழியில் அசீரியாவை அழைத்தான். ஆலய வெள்ளியையும் பொன்னையும் கொடுத்தான். தமஸ்குவில் கண்ட பலிபீடத்தின் மாதிரியையும் எருசலேமுக்குக் கொண்டுவந்தான் (2 இராஜாக்கள் 16). சகோதர நாடாகிய சமாரியாவை விழுங்கிய அதே அசீரியா, எசேக்கியாவின் நாளில் எருசலேமின் மதிலுக்கு வெளியே நின்றது.

இப்பகுதிகள் அயலாரின் உதவி யாவும் பாவம் என்று போதிக்கவில்லை. அழைத்தவன் இராணுவ முறையில் ஏமாறினான் என்றும் எப்போதும் சொல்வதில்லை. அவை காட்டுவது மூன்று: துணைக்கு வருபவன் தன் நோக்கத்தோடு வருகிறான், அடி விழுவது சகோதரன்மேல், விலையாகக் கொடுக்கப்படுவது ஆலயத்தில் இருப்பது. மூன்றாவதை ஆயர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஆலயத்தில் இருப்பது என்ன? நமது ஜெபம், நமது அருளுரை, நமது இரத்தசாட்சிகளின் நினைவு. கர்னல் சாங் கேட்டது இதைத்தான்.

ஷின்னின் பொய்யும் சாங்கின் வெற்றியும்

இங்கே இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. சாங்குக்கு வேண்டியது பன்னிரண்டு மாசற்ற இரத்தசாட்சிகள். ஷின் தம் மக்கள்மேல் கொண்ட அன்பினால், தம் பெயரையே மாசுபடுத்திக்கொண்டு, அதையே கொடுத்தார். இருவருடைய நோக்கமும் வேறு, அருளுரை ஒன்றே. நாவலாசிரியர் ஷின்னின் தியாகத்தின் உயரத்தில் மனம் பறிகொடுத்து, அத்தியாகத்தின் பலனை இராணுவம் எடுத்துக்கொண்டதைப் போதிய அளவு எடைபோடவில்லை. அப்பொய்யால் ஆறுதலடைந்த மக்களே, வந்த படை நிலைத்திருக்கும் என்று நம்பியவர்கள். அவர்களுக்கு அவ்வேளையில் மிகவும் தேவைப்பட்ட உண்மை, பன்னிருவரின் மரணத்தைப் பற்றியதன்று. படை போகப்போகிறது என்பது. இராணுவம் அதை அறிந்திருந்தது; மக்கள் அறியார். நாவல் ஆயரின் பொய்யை நூறு பக்கம் ஆராய்கிறது. படைத்தலைமையின் மௌனத்தைக் கடந்துபோகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. நகரத்தின் துன்பம் முழுவதும் நாவலில் கடவுள்மேல் வைக்கப்படுகிறது. ஆயர் ஜெபிக்க மறுப்பது அநீதியுள்ள கடவுளிடம். ஷின் தேடிக் காணாததும் கடவுளை. நூல் ஆல்பர்ட் காம்யுவின் நினைவுக்குப் படைக்கப்பட்டது. காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவல்மீது ரோலான் பார்த் 1955-இல் ஒரு குறை கூறினார். மனிதர் செய்த கொடுமையைக் கிருமியின் கொடுமையாக மாற்றினால் வரலாறு மறைந்துபோகிறது என்பது அதன் சாரம். காம்யு அதற்கு மறுமொழியும் எழுதினார். அதே குறை இங்கும் பொருந்தும். 1950 டிசம்பரில் பியோங்யாங் பட்ட துன்பம் பூகம்பத்தால் வந்ததன்று. அதற்குத் தேதிகள் உண்டு, கையொப்பங்கள் உண்டு, அலட்சியம் செய்யப்பட்ட எச்சரிக்கை உண்டு. யோபுவின் கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் உண்டு. ஆமோஸின் கேள்வியைக் கேட்கவேண்டிய இடமும் உண்டு. ஆமோஸின் இடத்தில் யோபுவை நிறுத்தினால், தீர்மானம் இயற்றியவர்கள் தப்பிவிடுகிறார்கள். கடவுள் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்.

நாவலுக்காக ஒன்று கூறலாம். தெருவில் நின்ற பியோங்யாங்வாசிக்குப் படைகள் மழையாகவே தோன்றின. அத்தோற்றத்தை ஆசிரியர் உண்மையாகப் பதிவு செய்தார் எனலாம். ஏற்கிறேன். ஆனால் லீ வரலாற்று ஆசிரியர், உளவு அதிகாரி. அவருக்கு வரைபடம் தெரியும். அவர் கேட்டிருக்கலாம். 1960-இல் சோய் இன்-ஹுன் எழுதிய 'சதுக்கம்' என்னும் கொரிய நாவலின் நாயகன், வடக்கையும் தெற்கையும் இரண்டையும் மறுத்து நடுநிலை நாட்டிற்குப் புறப்பட்ட போர்க்கைதி. அந்நூல் கேட்ட அரசியல் கேள்வியைக் கிம்மின் நூல் கேட்கவில்லை.

திருச்சபை பேசிய வார்த்தை

நாவலாசிரியரைக் குறைகூறும் நாம் திருச்சபையையும் கேட்கவேண்டும். போர் மூண்டு மூன்று வாரத்திற்குள், 1950 ஜூலையில் டொரான்டோவில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மையக் குழு, ஐ.நா. சபையின் விரைவான செயலைப் பாராட்டி, அதனை உறுப்பு நாடுகள் ஆதரிக்கவேண்டிய காவல் நடவடிக்கை என்று அறிக்கையிட்டது. பேச்சுவார்த்தைக்கும் அது அழைப்பு விடுத்தது உண்மை. ஆயினும் உலகின் காதில் விழுந்தது முதற்பகுதியே. மன்றத்தின் தலைவர்கள் அறுவருள் ஒருவராகிய சீன இறையியலாளர் டி. சி. சாவ் அவ்வறிக்கையை ஏற்க இயலாமல் 1951-இல் பதவி விலகினார். அவர் 1938-இல் நம் தாம்பரத்தில் நடந்த அருட்பணி மாநாட்டிற்கு வந்து, வெளிப்பாடு குறித்துச் சிந்தித்தவர்களுள் ஒருவர். புதிதாக அமைந்த சீன ஆட்சியின் நெருக்குதல் அவர் முடிவில் இருந்திருக்கும் என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் டொரான்டோவில் பேசியவர்களும் தங்கள் நாடுகளின் காற்றைச் சுவாசித்தவர்களே. ஜூலையில் ஆசி பெற்ற படை அக்டோபரில் நோக்கம் மாற்றியபோது, ஆசி தானாக அதனோடு சென்றது. ஒரு நோக்கத்திற்கு ஆசி கொடுத்தவர்கள் அந்நோக்கம் மாறியவுடன் எழுந்து பேசக் கடமைப்பட்டவர்கள். இது அவ்வறிக்கை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

ஆகாபும் யோசபாத்தும் பிளவுண்ட நாட்டின் இரு பாதிகளிலுமிருந்து வந்து கூட்டுப்படை அமைத்து ராமோத்துக்குப் புறப்பட்டபோது 400 தீர்க்கதரிசிகள் ஒருமித்து வெற்றி கூறினர். மிகாயா ஒருவனே வேறு வார்த்தை கூறினான் (1 இராஜாக்கள் 22). அவன் மக்களை நேசியாதவன் அல்லன். மேய்ப்பனற்ற ஆடுகளாக அவர்கள் சிதறுவதைக் கண்டவன் அவனே. ஷின்னும் சிதறிய ஆடுகளைக் கண்டார். வேறுபாடு, மிகாயா அதை அரசனிடம் சொன்னான் என்பது.

வேறொரு வகைப் பணி

பன்னாட்டு அமைப்பு என்றாலே போர்ப்படை என்று பொருளன்று. போர்ப்படை அனுப்ப மறுத்த இந்தியா மருத்துவப் பிரிவை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜின் தலைமையில் அறுபதாவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் கொரியா சென்றது. நாவல் நிகழும் அதே நாள்களில், அதே பியோங்யாங்கில் அவர்கள் இருந்தனர். நகரைவிட்டு விலக உத்தரவு வந்தபோது மருத்துவக் கருவிகளை எரித்துவிட்டுப் போக மனமின்றி, இரயில் வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தாங்களே ஓட்டித் தெற்கே கொண்டுவந்தனர் என்பது பதிவான செய்தி.

போர்க்கைதிகளைப் பற்றிய சிக்கலால் அமைதிப் பேச்சு நெடுங்காலம் தேங்கியபோது, வி. கே. கிருஷ்ண மேனன் ஐ.நா. சபையில் முன்வைத்த இந்தியத் திட்டத்தின் அடிப்படையில் 1952 டிசம்பர் 3-இல் தீர்மானம் நிறைவேறியது. 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தம் கையொப்பமானது. சிங்மன் ரீ கையொப்பமிடவில்லை. தாயகம் திரும்ப மறுத்த கைதிகளைக் காக்கும் பொறுப்பை நடுநிலை நாடுகளின் ஆணையம் ஏற்றது. ஜெனரல் திம்மையா அதன் தலைவர். மேஜர் ஜெனரல் தோரட்டின் கீழ் இந்தியக் காவற்படை பணியாற்றியது. இரு கொரியாக்களையும் சீனாவையும் விரும்பாத 88 கைதிகள் 1954-இல் இந்தியா வந்தனர். பெரும்பாலோர் பின்னர்ப் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றனர்.

இதை நாட்டுப் பெருமைக்காகக் கூறவில்லை. காவற்படையை இருதரப்பும் தூற்றின. கைதிகளுக்கு விளக்கமளிக்கும் பணி பாதியில் நின்றது. ஆனால் 2 நாளாகமம் 28-இல் ஓதேத் என்னும் தீர்க்கதரிசியின் சொற்கேட்டு, சமாரியாவின் மனிதர் தாங்கள் சிறைப்பிடித்த யூதாவின் மக்களுக்கு உடுத்தி, உண்ணக் கொடுத்து, எண்ணெய் பூசி, நடக்க இயலாதவர்களைக் கழுதைகள்மேல் ஏற்றி எரிகோவரை கொண்டுபோய் விட்ட நிகழ்ச்சியை நினைக்கிறேன். பிளவுண்ட நாட்டின் போர் நடுவே திருமறை பாராட்டும் செயல் அது.

கொரியத் திருச்சபையின் விடை

கிம் 2009-இல் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்விக்குக் கொரியத் திருச்சபையே பின்னாளில் ஒரு விடை கூறியது. 1984-இல் ஜப்பானின் தோசான்சோவில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய ஆலோசனையும், 1986-இல் சுவிட்சர்லாந்தின் கிளியோனில் வட, தென் கொரியக் கிறிஸ்தவர் முதன்முறையாகச் சந்தித்துத் திருவிருந்தில் ஒன்றாகப் பங்குபெற்றதும் வழி திறந்தன. 1988 பிப்ரவரி 29-இல் தென் கொரியாவின் தேசியத் திருச்சபைகள் மன்றம் அறிக்கையொன்று வெளியிட்டது. அதில் அவர்கள் முதலில் தங்கள் பாவத்தை அறிக்கையிட்டனர்: நாட்டின் பிளவை ஏற்றுக்கொண்ட பாவம், சகோதரரைப் பகைத்த பாவம், அப்பகையை விசுவாசம் என்று எண்ணிய பாவம். பின்னர், அமைதி உடன்படிக்கை ஏற்பட்டு நம்பிக்கை நிலைபெறும்போது அமெரிக்கப் படை விலகவும் ஐ.நா. படைத்தலைமை கலைக்கப்படவும் வேண்டும் என்றும் கேட்டனர். இரத்தசாட்சிகளை உடைய திருச்சபை அவர்களைப் படைக்கலமாக்காமல் மனந்திரும்புதலை முன்வைத்தது. ஷின் தாம் செய்யாத துரோகத்தை அறிக்கையிட்டார். இவர்களோ உண்மையில் செய்ததை அறிக்கையிட்டனர்.

அமைதி உடன்படிக்கை இன்னும் ஏற்படவில்லை. ஐ.நா. படைத்தலைமையும் கலைக்கப்படவில்லை. 2018 ஏப்ரலில் பான்முன்ஜோமில் இரு தலைவர்களும் கைகோத்தனர். 2023 இறுதியில் வடக்கின் தலைமை ஒன்றிணைப்பையே கைவிடுவதாக அறிவித்தது. வந்தவர்களை வரவேற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வீட்டின் நடுச்சுவர் நிற்கிறது.

முடிவாக

ஆயர்பணிக்கு ஆயத்தமாகும் நம் மாணவர் இந்நூலைப் படிக்கவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஷின்னை மட்டும் நோக்கிப் படித்தல் போதாது. பிளவுண்ட ஏதோவொரு நாட்டிற்குப் பல நாடுகள் படை அனுப்பும்போது, அப்படைக்காக ஜெபிக்கும்படி நமக்கு வேண்டுகோள் வரும். அப்போது நான்கு வினாக்களைக் கேட்போமாக. கொடி யாருடையது, கட்டளை யாருடையது? இன்று கூறப்படும் நோக்கத்தை நாளை மாற்றும் அதிகாரம் யாருக்கு? படை விலகும் நாளில், அதை வரவேற்றவர்களோடு தங்குவது யார்? இறந்தோரின் நினைவை யார் கையில் எடுக்கிறார்கள், எதற்காக? இவற்றைக் கேட்டபின்னரும் ஒரு படையின் வருகையை நாம் ஆதரிக்க நேரலாம். ஆனால் கேளாமல் ஆதரித்தல் ஆலயத்தின் வெள்ளியைக் கொடுப்பதாகும்.

ஷின் தங்கிவிட்டார். அது நாவலின் உன்னதமான இடம். அவர் நம்பிக்கையை இழந்தவராயினும் மேய்ப்பனாகவே நின்றார். நான் அவரைக் குறித்து விரும்புவது ஒன்றே. அப்படித் தங்கத் துணிந்த மனிதர் உண்மையையும் சொல்லியிருக்கலாம். உடனிருக்க ஒருவர் உண்டு என்று அறிந்த மக்கள், கடினமான உண்மையையும் தாங்கியிருப்பர். தலை குனிந்து என் பிரசங்கத்தைக் கேட்ட அத்தகப்பனிடம் நான் கற்றது அது. அம்மாணவிக்கு நான் கூறும் விடையும் அதுவே.